செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் அறுபது வயதும்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும் என்று நம் கூட்டமைப்புச் செயலாளர் கேட்டார். "குழு எப்போ ஆரம்பிச்சீங்க, எவ்ளோ லோன் எடுத்தீங்க, என்னென்ன தொழில் செஞ்சீங்கன்னு எழுதுங்கக்கா, போதும்" என்றார். அதெல்லாம் தீர்மான நோட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். நான் எழுத நினைப்பது நோட்டில் பாதி எழுதி, பாதி எழுதாமல் விட்ட ஒரு விஷயம். நமக்கு வயசாகிவிட்டது என்பதுதான் அது.

நாம் குழு ஆரம்பித்தபோது நம்மில் பலருக்கு முப்பது, முப்பத்தைந்து வயசு. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று கூட்டத்துக்கு வந்தோம். இன்றைக்குப் பாருங்கள். பாயை விரித்தால் யாரும் உட்காருவதில்லை. "எனக்கு ஒரு சேர் போடும்மா, முட்டி மடங்கல" என்கிற குரல்தான் முதலில் வருகிறது. சேர் வாடகை என்று செலவுக் கணக்கில் ஒரு வரியே எழுத ஆரம்பித்துவிட்டோம்.

எங்கள் குழுவில் ஒரு ஆயா இருக்கிறார். பெயர் போடவில்லை, அவருக்குப் பிடிக்காது. மேனாம்பேட்டில் இட்லிக்கடை ஆயா என்றால் எல்லோருக்கும் தெரியும். குழு ஆரம்பித்த நாளில் கைநாட்டு வைத்தவர். இரண்டு வருஷத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். கணக்கு மட்டும் அவருக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. யார் எந்த மாதம் எவ்வளவு வட்டி பாக்கி வைத்தார்கள் என்பதை நோட்டைப் பார்க்காமல் சொல்லுவார். நோட்டில்தான் தப்பு இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் வங்கி இணைப்புக் கடனுக்கு மறுபடி மனு போட்டோம். வங்கியின் பெயர் வேண்டாம். மனுவைப் பார்த்தவர், "இதுல நாலு பேர் அறுபது தாண்டிட்டாங்க. அவங்க பேர எடுத்துட்டு வேற ஆளப் போட்டுக் கொண்டாங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. 18 முதல் 60 வரை என்பதுதான் மகளிர் திட்டக் குழுக்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்த வயசு. சேரும்போது யாரும் அந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கவில்லை. அது எங்கேயோ தூரத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டோம். நான் அப்போது பிரதிநிதி. அன்றைக்கு நான் பேசியது தீர்மான நோட்டில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். "நாலு பேருக்காகப் பதினோரு பேரோட லோன் நிக்கணுமா? அவங்க சேமிப்பக் கணக்குப் பாத்துக் குடுத்துடுவோம், சால்வை போட்டு மரியாதையா அனுப்புவோம்" என்றேன். சிலர் தலையை ஆட்டினார்கள். ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "லோன நீங்க எடுத்துக்கோங்கமா. எனக்கு இன்னாத்துக்கு லோன்? ஆனா பேர எடுத்துட்டா, செவ்வாக்கிழம நான் எங்கமா போறது?"

அன்றைக்குத் தீர்மானம் எழுதாமலே கூட்டம் முடிந்தது.

அப்போது எனக்கு ஐம்பத்தி நாலு. ஆறு வருஷத்தில் இதே கேள்வி எனக்கும் வரும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதிலிருந்துதான் நமக்கு முன்னால் இருந்த பெண்கள் வயசான காலத்தில் என்ன செய்தார்கள், யார் சோறு போட்டார்கள், சர்க்கார் எப்போது கண்ணைத் திறந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். எங்கள் மாமியார் சொன்னது, நூலகத்தில் படித்தது, பயிற்சிகளில் கேட்டது என்று சேர்த்து வைத்ததை எழுதுகிறேன்.

எங்கள் மாமியார் மேனாம்பேட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது இது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். ரயிலடிக்குப் போகணும் என்றால் வரப்பு மேல் நடக்கணும். அந்தக் காலத்தில் வயசானவர்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று பலர் பேசுகிறார்கள். மாமியாரிடம் கேட்டால் சிரிப்பார். "நல்லா எங்க பாத்தாங்க? வேல செய்ய முடியற வரிக்கும் சோறு போட்டாங்க. களத்துல கோழி தொரத்த, கொழந்தய ஆட்ட, கெழவி வேணும். படுத்துட்டா ஒரு மூலைல பாய்" என்பார். நிலம் இருந்த வீட்டில் கிழவிக்கு மரியாதை இருந்தது. கூலி வீட்டில் கிழவியும் கூலிக்குப் போனாள். ஓய்வு என்ற ஒன்றே இல்லை.

பிறகு ஆலைகள் வந்தன. 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கியது. டன்லப் வந்தது. 1960களில் தொழிற்பேட்டை வந்தது. நாம் இன்றைக்கும் எஸ்டேட் என்றுதான் சொல்கிறோம். 'ரிட்டயர்டு' என்கிற வார்த்தை நம் பக்கத்தில் புழங்க ஆரம்பித்தது அப்புறம்தான். ஐம்பத்தெட்டு வயசில் மாலை போட்டு அனுப்புவார்கள், கையில் பணம் கொடுப்பார்கள் என்று. ஆனால் அது பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை பார்த்த ஆம்பளைகளுக்கு. அவர்களுக்குச் சமைத்துப் போட்டவளுக்கோ, எஸ்டேட் வாசலில் டீயும் போண்டாவும் விற்றவளுக்கோ எந்த வயசிலும் மாலை விழவில்லை.

ஏழைகளுக்கு வயசான காலத்தில் என்ன இருந்தது? சென்னையின் பழைய கதை ஒன்று சொல்கிறேன். ஹைதர் அலி சண்டைக் காலத்தில் பஞ்சம் வந்து, சுற்றுவட்டாரத்து ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். 1782ல் ராயபுரத்துப் பக்கம் கஞ்சி ஊற்ற ஒரு இடம் ஏற்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலைதான் பிற்பாடு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் இப்போதும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். சத்திரம் ஆதரவில்லாத முதியவர்களுக்குத் தொடர்ந்து நிழல் கொடுத்தது. அதாவது நூற்றெழுபது, நூற்றெண்பது வருஷம் வரைக்கும் நாதியற்ற கிழவிக்கு இந்தப் பட்டணம் கொடுத்தது தர்மக் கஞ்சிதான்.

1962 ஏப்ரல் 1ஆம் தேதி அது மாறியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. இருபது ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். மணியார்டர் வரும், போஸ்ட்மேன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கிழவி வெளியே வந்து ரேகை வைத்து வாங்குவாள். யாரிடமும் கையேந்தாமல் தன் பெயருக்கு வந்த காசு. மத்திய அரசு இப்படி ஒரு தேசிய உதவித்தொகை கொண்டுவர 1995 ஆகஸ்டு 15 வரை ஆனது. அதற்குள் இங்கே ஆதரவற்ற விதவைகளுக்கு 1975லும், விவசாயக் கூலிகளுக்கு 1981லும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986லும் உதவித்தொகை வந்துவிட்டது. தொகை மெல்ல மெல்ல ஏறி 2011ல் 1,000 ரூபாய் ஆனது, 2023ல் 1,200 ஆனது. இதில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், மீதி மாநிலம் போடுவது. 2007லிருந்து அந்த 200 அப்படியே நிற்கிறது. நாம் கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுவும்தான்.

எங்கள் மாமியாருக்கு இந்தத் தொகை வாங்கித் தர நான் நடந்த நடை கொஞ்சமல்ல. பிள்ளை இருக்கிறானே என்று ஒரு தரம் திருப்பினார்கள். வயசுக்கு ஆதாரம் இல்லை என்று ஒரு தரம். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? "வெள்ளம் வந்த வருஷம்" என்பார் மாமியார், எந்த வெள்ளம் என்று கேட்டால் அவருக்கே குழப்பம். கிடைத்த பிறகு நாலு வருஷம் வாங்கினார். அந்தக் காசில் வெத்தலை பாக்கு வாங்கியது போக, பேரப்பிள்ளைக்குப் பரீட்சை பீஸ் கட்டினார். அன்றிலிருந்து வீட்டில் அவர் குரல் ஒரு சுற்று உயர்ந்துவிட்டது! பொய்யில்லை.

1978ஆம் வருஷத்தைப் பற்றித் தனியாகச் சொல்லணும். அந்த ஒரே வருஷத்தில் இந்தச் சென்னையில் மூன்று காரியம் நடந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை போலத் தெரியும்.

ஒன்று, ஜெயா அருணாசலம் அம்மா உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், மீன்காரம்மாக்கள் என்று பத்து இருபது பேராகச் சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் என்று சொல்லி வங்கியில் கடன் வாங்கித் தந்தார்கள். நம் குழுக்களுக்கு அக்கா முறை அது. இரண்டாவது, சாவித்திரி வைத்தி அம்மாவும் அவருடைய தோழிகளும் ஆதரவற்ற வயதான பெண்களுக்காக விஷ்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார்கள். பெரிய பணக்காரர்களோ மடமோ ஆரம்பித்ததல்ல. வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி, கைக்காசு சேர்த்துச் செய்த வேலை. மூன்றாவது, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு ஆரம்பித்தார். வயசானால் நோய் வரும், அதற்கு என்ன செய்வது என்று விட்டுவிடாமல், முதுமைக்கென்றே ஒரு வைத்தியம் உண்டு என்று இந்தியாவில் முதலில் காட்டியது அந்த இடம். 1996ல் முதியோர் மருத்துவத்துக்கு மேல்படிப்பும் அங்கே வந்தது. இப்போது கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. அதுவரை போனது அந்த ஒரு புறநோயாளிச் சீட்டிலிருந்துதான்.

காசு, இருக்க இடம், உடம்பு. இந்த மூன்றும்தான் அறுபதுக்கு மேல் நமக்கு வேண்டியது. மூன்றுக்கும் விதை 1978ல் இந்த ஊரிலேயே விழுந்தது.

சுய உதவிக் குழுக்களின் கதை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ல் வந்தது. 1989ல் தர்மபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதல் குழுக்கள். 1992ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்க ஆரம்பித்தது. 1997-98ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. நாம் அப்போது திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் நகராட்சி. 2011ல் சென்னை மாநகராட்சி ஆனோம், 2018ல் சென்னை மாவட்டமும் ஆனோம். ஊர் ஒரு அடி நகரவில்லை, ஆனால் ஆயாக்களின் காகிதங்கள் மட்டும் ஆபீஸ் ஆபீஸாக நகர்ந்தன. பழைய ரப்பர் ஸ்டாம்பு வைத்த சான்றிதழை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் நம்மிடம் உண்டு.

இந்தக் குழு வரலாற்றில் முதியவர்கள் எங்கே வருகிறார்கள் என்று தேடினேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம், கடலூர் கரையில் எல்லாம் போயிற்று. நிவாரணம் வந்தபோது படகுக்காரனுக்குப் படகு, வலைக்காரனுக்கு வலை. கருவாடு விற்றுக்கொண்டிருந்த கிழவிக்கு எந்தப் பட்டியலிலும் தொழில்காரி என்ற பெயர் இல்லை. அப்போதுதான் ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் முதியோருக்கென்றே சுய உதவிக் குழுக்களை அமைத்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பத்து இருபது பேர் சேர்ந்து சேமிப்பு, உள்கடன், நம்மைப் போலவேதான். ஆடு வாங்கினார்கள், பெட்டிக்கடை போட்டார்கள், மீன் விற்றார்கள். கடலூர்ப் பக்கம் தாமரைக்குளம் என்று முதியோருக்காக ஒரு கிராமமே கட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே அறுபது வயசில் குழு ஆரம்பிக்கிறார்கள். நான் அறுபது வயசில் குழுவிலிருந்து அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. இளைய சகோதரிகள் இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்கணும்.

நான் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை பார்த்தேன். முதலில் செக்கிங், பிறகு டெய்லர். முதல் கம்பெனியில் மூன்று வருஷம், இரண்டாவதில் நாலு வருஷம், மூன்றாவதில் ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். கம்பெனியிலேயே பார்ம் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பணம் வரும். ஒரு தடவை பெண்ணுக்குக் காது குத்து, ஒரு தடவை வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், ஒரு தடவை தண்டல்காரனுக்கு. எல்லோரும் அப்படித்தான் செய்தோம். "நிக்கறப்போ பணத்த எடுத்துடு, இல்லாட்டி வராது" என்பதுதான் எங்கள் லைனில் எல்லோரும் சொல்லும் புத்திமதி.

1995 நவம்பர் 16லிருந்து பி.எஃப்.பில் ஒரு ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்திருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதலாளி நம் பெயருக்குக் கட்டும் பணத்தில் சம்பளத்தின் 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் இருந்தால், ஐம்பத்தெட்டு வயதிலிருந்து சாகும் வரை மாதா மாதம் பென்ஷன் வரும். பத்து வருஷம் ஒரே கம்பெனியில் இருக்கணும் என்பதும் இல்லை. ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல் விட்டால் ஒரு கம்பெனி சர்வீஸ் அடுத்த கம்பெனியோடு கூடிக்கொண்டே வரும். எனக்குப் பன்னிரண்டு வருஷம் வந்திருக்கணும். நான் மூன்று தடவையும் எடுத்துவிட்டதால் மூன்று தடவையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. குறைந்தபட்ச பென்ஷன் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயா சொன்ன மாதிரி, நம் பெயருக்கு வருகிற காசு வேறு.

அது தெரிந்த அன்றைக்கு நான் அழவில்லை. தையல் மிஷினைத் துடைத்து மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எஸ்டேட்டுக்குப் போகிற நம் பெண்கள், மருமகள்கள் எத்தனை பேருக்குத் தங்கள் யு.ஏ.என். நம்பர் தெரியும்? கம்பெனி மாறினாலும் அந்த ஒரே நம்பர்தான் தொடரணும். ஒவ்வொரு கம்பெனியிலும் புதுசாக நம்பர் போட விடாதீர்கள். பத்து வருஷம் ஆவதற்குள் நின்றால், ஓய்வூதியப் பணத்தைக் கேட்டு மனு போடாமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைக்கலாம். பி.எஃப். இல்லாதவர்களுக்கு, வீட்டு வேலை, கட்டட வேலை, தையல் என்று அவரவர் தொழிலுக்கான நலவாரியம் இருக்கிறது, அறுபதானால் ஓய்வூதியம் உண்டு. ஆனால் அறுபதுக்கு முன்பே பதிந்து, விடாமல் புதுப்பித்து வந்திருக்கணும். அறுபது முடிந்த பிறகு ஓடினால் பயன் இல்லை.

2015ல் வந்த அடல் பென்ஷன் யோஜனா பற்றியும் கேட்கிறீர்கள். 18லிருந்து 40 வயசு வரைதான் சேரலாம். அறுபதுக்கு மேல் மாதம் 1,000 ரூபாய் வேண்டும் என்றால், 18 வயசில் சேருகிறவள் மாதம் 42 ரூபாய் கட்டணும், 40 வயசில் சேருகிறவள் 291 ரூபாய் கட்டணும். இருபது வருஷம் கழித்து ஆயிரம் ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பது எனக்கும் இருக்கிற சந்தேகம்தான். 1962ல் இருபது ரூபாயாக இருந்தது இன்றைக்கு என்ன ஆனது என்று பார்த்தோமே. முடிந்தவர்கள் 5,000 ரூபாய்ப் படியில் சேரட்டும். இதை மட்டும் நம்பி உட்காராமல் குழுச் சேமிப்பையும் விடாமல் போடட்டும்.

சொத்து விஷயம் இன்னொன்று. மேனாம்பேட்டில் மனை விலை ஏறியதிலிருந்து, வயசான அம்மாக்களிடம் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வாங்குவது அதிகமாகிவிட்டது. எழுதிக் கொடுத்த மறுமாதம் மாடிப்படிக்குக் கீழே கட்டில் போன வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2007ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை, மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர அந்தச் சட்டத்தில் வழி உண்டு. 'கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை மீறினால் ரத்து செய்யவும் கேட்கலாம். அதனால் அந்த வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "எம் புள்ளைக்கிட்ட கண்டிஷனா?" என்று ஒரு அக்கா என்னிடம் கோபப்பட்டார். கோபப்படட்டும், பரவாயில்லை. அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு யாரும் போன் செய்யலாம், காசு கிடையாது.

2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியாது. ராத்திரியில் தண்ணீர் ஏறியபோது இளசுகள் மாடிக்கு ஓடிவிட்டார்கள். மூட்டு வலிக்காரர்கள் கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். இட்லிக்கடை ஆயாவை நாலு பேர் பிளாஸ்டிக் சேரோடு தூக்கி வந்தோம். ஆயா மடியில் ஒரு பால் கவர் மூட்டை. உள்ளே ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம், குழுவின் தீர்மான நோட்டு. முந்தின நாள் கூட்டம் அவர் வீட்டில் நடந்ததால் நோட்டு அங்கே இருந்தது. அவருடைய இட்லிப் பானையும் கிரைண்டரும் போயிற்று. நோட்டு நனையவில்லை. யார் யார் எவ்வளவு கட்டினோம் என்பதற்கு அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். ஆயாவின் பேரை எடுக்கலாம் என்று நான் சொன்னது இதற்குப் பிறகு. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை நம் மாதிரி குழுக்களிலிருந்தே எடுத்தார்கள். பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபி செய்பவரும் வருகிறார்கள். பக்கவாதம் வந்த மாமியாரை நாலு வருஷம் வீட்டோடு இருந்து பார்த்த ஒரு சகோதரி நம் கூட்டமைப்பில் இருக்கிறார். வேலையை விட்டார், குழுவுக்கும் சரியாக வர முடியவில்லை, இரண்டு தவணை அபராதம் கூட போட்டோம். அவர் செய்ததும் வேலைதான் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை. அந்த அபராதத்தைத் திருப்பித் தரணும் என்று இந்த மலரிலேயே நான் கேட்டுக்கொள்கிறேன்.

இது இன்னும் கூடத்தான் போகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பேருக்குப் பத்துப் பேர் அறுபது தாண்டியவர்கள். 2021ல் கிட்டத்தட்டப் பதினாலு என்று மத்தியப் புள்ளியியல் துறையின் மதிப்பீடு சொல்கிறது, 2031ல் பதினெட்டு ஆகும் என்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். காரணம் ரகசியம் இல்லை. நாம் இரண்டோடு நிறுத்தினோம், நம் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துகிறார்கள், நல்ல வைத்தியம் கிடைத்து அதிக நாள் வாழ்கிறோம். ஆம்பளைகளை விட நாம் அதிக நாள் இருக்கிறோம், அதிலும் கடைசிப் பத்து வருஷம் பெரும்பாலும் துணையில்லாமல்.

ஜப்பானில் ஒகினாவா என்று ஒரு தீவு. நீண்ட ஆயுசுக்காரர்களுக்குப் பேர் போன இடம். அங்கே 'மோவாய்' என்று ஒரு வழக்கம். நாலைந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து மாதா மாதம் கூடி ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். யாருக்குத் தேவையோ, யார் முறையோ அவர் எடுத்துக்கொள்வார். நம் சீட்டு மாதிரிதான். ஆனால் பணம் தேவைப்படாத வயசிலும் கூடுவதை விடுவதில்லை. எண்பது, தொண்ணூறு வயசிலும் அதே கூட்டாளிகள். ஒருத்தி வரவில்லை என்றால் என்ன ஆச்சு என்று மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். பயிற்சியில் இதைச் சொன்னபோது நான் ஆயாவைத் திரும்பிப் பார்த்தேன். "இதத்தான நான் அப்பவே கேட்டேன்" என்றார்.

எங்கள் குழுவில் கடைசியில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். வங்கிக் கடன் மனுவில் நாலு பேரின் பெயரை எடுத்தோம், அதைத் தவிர்க்க முடியவில்லை. அவர்கள் இடத்தில் இரண்டு மருமகள்களும் இரண்டு புதுப் பெண்களும் வந்தார்கள். ஆனால் குழுவின் நோட்டில் நாலு பேரும் இருக்கிறார்கள். சேமிப்பு போடுகிறார்கள், உள்கடன் உண்டு, தீர்மானத்தில் கையெழுத்து உண்டு. எல்லோருக்கும் இது சம்மதமில்லை. "வாராக் கடன் ஆனா யார் பொறுப்பு?" என்று ஒருவர் இன்றும் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் அவர்களுடைய உள்கடன் அவரவர் சேமிப்பைத் தாண்டக்கூடாது என்று வைத்தோம். இதுவரை பாக்கி விழுந்ததில்லை. பாக்கி வைத்ததெல்லாம் நாற்பது வயசுக்காரர்கள், அதில் நானும் ஒரு காலத்தில் சேர்த்தி.

நாலு ஆயாக்களுக்கும் வேலையும் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஒருவர் கூட்டம் நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் உதவித்தொகை மனு போடும் முதியவர்களோடு இ-சேவை மையத்துக்குப் போய் வருகிறார். 2021லிருந்து சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் இது முடிகிறது. ரேஷன் கடையில் ரேகை விழாத கிழவிகளின் கணக்கு ஒருவரிடம். வயசானவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டு வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியதே, அதில் நம் தெருவில் யார் பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று அவர்தான் பட்டியல் எடுத்தார். இட்லிக்கடை ஆயா பழையபடி வட்டி பாக்கியை நினைவு வைத்திருக்கிறார். அதற்குப் பயந்தே சிலர் முன்கூட்டிக் கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு வரும் பங்குனியோடு அறுபது முடிகிறது. மனுவில் அடுத்து எடுக்க வேண்டிய பெயர் என்னுடையது.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் குழுக் கூட்டம் ஆயா வீட்டில், மதியம் மூன்று மணிக்கு. எஸ்டேட்டில் வேலை பார்த்த, பார்க்கிற சகோதரிகள் எந்தக் குழுவாக இருந்தாலும் வரலாம். பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர் எழுதிய காகிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சேருக்குச் சொல்லியாயிற்று.